மூச்சுக்கு ஒரு சம்மதம்

ஆணையத்தில் அவளுக்கு ஒயரக்கா என்று பேர். வைத்தது யாரென்று கேட்டால் ஆளாளுக்கு அடுத்தவரைக் கை காட்டுவார்கள். முதுகுக்குப் பின்னால் சொல்ல ஆரம்பித்து, பிறகு முகத்துக்கு நேராகவே கூப்பிடுகிற அளவுக்கு வந்துவிட்டது. அவளும் கோபித்துக்கொண்டதில்லை. உள்ளுக்குள் கொஞ்சம் பெருமை கூட.

ஆணையம் என்றால் வணிகப் போட்டி ஆணையம். ஒரே கம்பெனி ஒரு சரக்கை மொத்தமாக வளைத்துப் போட்டுக்கொண்டு, எதிரே கடை விரிக்கிறவனைத் தலையெடுக்க விடாமல் நசுக்கி, வாங்குகிறவன் கழுத்தில் காலை வைத்தால், ஏனய்யா இப்படிச் செய்கிறாய் என்று போய்க் கேட்கிற இடம். கேட்டவுடன் உண்மையைச் சொல்லிவிடுவார்களா என்ன? அதனால் சொல்லாமல் கொள்ளாமல் போய் இறங்கிச் சோதனை போடுவார்கள். முன்பு ஒரு பெயிண்ட் கம்பெனிக்கு அப்படிப் போனபோது வாசல்வரை வந்து வரவேற்று, உட்கார வைத்து, காப்பி கொடுத்து, "சர்க்கரை போதுமா மேடம்?" என்று உருகி உருகி விசாரித்தார்கள். அந்தக் காப்பி ஆறுவதற்குள் வேறொரு ஊரில் உட்கார்ந்திருந்த எவனோ இங்கிருந்த கம்ப்யூட்டர்களையெல்லாம் துடைத்தெடுத்துவிட்டான். ஓர் எழுத்து மிச்சமில்லை. வெறுங்கையோடு திரும்பினார்கள்.

அன்றைக்குப் பிடித்த வைராக்கியம் அது. அதற்குப் பிறகு எந்தக் கம்பெனிக்குள் நுழைந்தாலும் வணக்கம் சொல்வதற்கு முன்னால் நேராக உள்ளே போய், வெளியிலிருந்து வருகிற இணைப்பு ஒயரைப் பிடுங்கிவிடுவாள். ஒயர் அவள் கைக்கு வந்த பிறகுதான் வணக்கம், ஆணை, கையெழுத்து எல்லாம். "எங்க அக்கா கல்யாண வீட்டுக்குப் போனாக்கூட முதல்ல மைக் செட்டு ஒயரத்தான் தேடுவாங்க" என்று கூட வேலை பார்க்கும் நிதானம் சொல்லிச் சிரிப்பான். நிதானம் என்பது அவனுடைய பட்டப்பேர். கட்டடம் தீப்பிடித்தாலும் செருப்பை மாட்டிக்கொண்டுதான் வெளியே வருவான், அதனால்.

இந்த முறை வந்த வழக்கு மூச்சு மிஷின் கம்பெனி மேல். நுரையீரல் கெட்டுப் போனவர்கள் வீட்டில் வைத்துக்கொள்கிற மிஷின் அது. அறைக் காற்றை இழுத்து, வடிகட்டி, அதிலுள்ள பிராணவாயுவை மட்டும் சேர்த்துக் குழாய் வழியாக மூக்குக்குக் கொடுக்கும். ஒரு காலத்தில் இதைச் செய்கிறவர்கள் நாலைந்து பேர் இருந்தார்கள். அதில் ஒருத்தன் மற்றவர்களை ஒவ்வொருவராக விலைக்கு வாங்கி விழுங்கி ஏப்பம் விட்டுவிட்டான். இப்போது மூச்சு வாங்க வேண்டுமென்றால் அவனிடம்தான் வாங்க வேண்டும்.

மிஷினுக்குள் போடுகிற ஃபில்டரை மட்டும் ஒரு கடைக்காரர் தனியாகச் செய்து, கம்பெனி விலையில் பாதிக்கும் கீழே விற்றுக்கொண்டிருந்தார். ஜனங்கள் அவரிடம் வாங்கினார்கள். ஒருநாள் காலையில் எல்லா மிஷினும் சொல்லிவைத்த மாதிரி அவருடைய ஃபில்டரை ஏற்க மாட்டேன் என்று முரண்டு பிடித்தன. 'பாதுகாப்புக் கோளாறு' என்று சிவப்பு எழுத்துக் காட்டியது. கடை படுத்துவிட்டது. அவர்தான் புகார் கொடுத்தவர். கம்பெனியோ சத்தியம் செய்து எழுதிக் கொடுத்தது: எங்கள் மிஷின் யாரையும் கேட்காமல் தானாக ஓடுகிறது, வெளியிலிருந்து அதை நாங்கள் கட்டுப்படுத்துவதில்லை, அந்த ஃபில்டர்தான் மட்டம். கீழே கம்பெனி வக்கீலின் கையெழுத்து, அழகாக, வளைவு நெளிவுகளோடு.

ஒயரக்காவின் மாமனாரும் அந்த மிஷின்தான் வைத்திருந்தார். வேலைக்காலம் முழுக்க டவுன் பஸ் ஓட்டியவர். "ஊர்ப் புகைக்கெல்லாம் என் நெஞ்சுலதாம்மா பார்க்கிங்" என்பார். அவள் கணவன் வெளியூரில் வேலை. வீட்டில் மாமனாரும் மருமகளும் மட்டும். இரண்டு பேருக்கும் நன்றாக ஒத்துப்போகும், வாய்ச்சண்டை ஓயாது, அதுவும் இதுவும் ஒன்றுதான் அந்த வீட்டில். மாமனார் அந்தக் கம்பெனியின் வாடிக்கையாளர் என்பதை மறைக்காமல் தலைவரிடம் போய்ச் சொன்னாள், தன்னை இந்த வழக்கிலிருந்து விட்டுவிடும்படி கேட்டாள். தலைவர் பெருமூச்சு விட்டார்.

"எங்க அம்மாவும் அதே மிஷின்தான். அக்கவுண்ட்ஸ்ல இருக்கிறவரோட தம்பியும் அதே. இவங்க மிஷின் இல்லாத வீட்டு ஆளத்தான் அனுப்பணும்னா நான் யாரம்மா அனுப்புறது? நீயே போய்ட்டு வா."

கிளம்புகிற அன்று காலை மாமனார் வாசலில் நின்று கூரியர்காரன் நீட்டிய சீட்டை எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருந்தார். மூக்கில் குழாய், குழாய் அறைக்குள்ளிருந்து நீண்டு வந்திருந்தது. கூரியர்காரன் தலையைச் சொறிந்தான்.

"சார், கையெழுத்துப் போட்டா போதும் சார். எல்லாரும் அப்படித்தான் போடுவாங்க."

"என் மருமக யாருன்னு தெரியுமா உனக்கு? படிக்காம கையெழுத்துப் போட்டேன்னு தெரிஞ்சா வீட்டுக்குள்ள விடமாட்டா."

அது அவள் போட்ட சட்டம்தான். படிக்காமல் எதிலும் கையெழுத்துப் போடக்கூடாது, எதற்கும் சம்மதம் சொல்லக்கூடாது. வேலையில் அவள் பார்த்தவரைக்கும், ஜனங்கள் ஏமாறுவதெல்லாம் அந்த ஓர் இடத்தில்தான். "வரேன் மாமா" என்று சொல்லிவிட்டு அவள் சிரித்துக்கொண்டே போனாள்.

கம்பெனி அலுவலகம் பளபளவென்று இருந்தது. வரவேற்பறைச் சுவர் முழுக்க, குழாய் மாட்டிய கிழவர்களும் குழந்தைகளும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். வரவேற்பில் இருந்த பெண் "குட் மார்னிங்" சொல்லி முடிப்பதற்குள் ஒயரக்கா கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நிதானம் பின்னால் ஆணையை நீட்டிக்கொண்டே ஓடினான், அவன் ஓடுகிற ஓட்டம்தான் தெரியுமே. கம்ப்யூட்டர் அறை ஜில்லென்று இருந்தது. ஒரே ஓர் இரும்பு அலமாரி, அதில் பச்சை விளக்குகள் மினுக்கிக்கொண்டிருந்தன. சுவரிலிருந்து வருகிற தடித்த ஒயரைக் கண்டுபிடித்தாள், கைக்குள் சுற்றினாள், ஓர் இழு, இரண்டு முனையும் கழன்று கையோடு வந்தது.

பச்சை விளக்குகள் ஒவ்வொன்றாக மஞ்சளாயின.

"வணக்கம்" என்றாள் திரும்பி.

வாசலில் மேனேஜர் நின்றார். நாற்பது தாண்டிய மனிதர், கழுத்துப் பட்டையும் ஷூவும் போட்டுக்கொண்டு பார்க்க ஜோராக இருந்தார். ஆனால் அவள் கையில் தொங்கிய ஒயரைப் பார்த்ததும் முகத்தில் ஈயாடவில்லை.

"மேடம்... அத... அத மட்டும் பிடுங்காதீங்க மேடம்."

"பிடுங்கியாச்சே. ஏன், என்ன ஆகும்?"

அவர் வாயைத் திறந்தார். அவருக்குப் பின்னாலிருந்து ஒரு கை வந்து தோளைப் பிடித்தது. வக்கீல். அதே வளைவு நெளிவுக் கையெழுத்துக்காரர், நேரில் பார்க்க ஒல்லியாக, நன்றாகச் சவரம் செய்து, ஆற அமர இருந்தார்.

"ஆணைப்படி அவங்க வேலைய செய்யட்டும். நீங்க ஒரு வார்த்தை பேசக்கூடாது, தெரியுதா?" என்று மேனேஜரிடம் சொல்லிவிட்டு, அவளைப் பார்த்துப் புன்னகைத்தார். "எங்ககிட்ட மறைக்க எதுவும் இல்லை மேடம்."

எத்தனை கம்பெனி பார்த்தவள் அவள்! ஒயரைப் பிடுங்கினால் எல்லா மேனேஜரும் இப்படித்தான் அலறுவார்கள். சம்பளம் போடணும் என்பான் ஒருத்தன், ஏற்றுமதி நின்றுவிடும் என்பான் இன்னொருத்தன். நடிப்பு, சுத்த நடிப்பு என்று விட்டுவிட்டாள். அடுத்த வேலையைப் பார்த்தாள். கம்பெனி ஆட்களின் கைபேசிகளையும், வாடிக்கையாளர்கள் கூப்பிடுகிற சர்வீஸ் போன்களையும் வாங்கித் துணிப்பைக்குள் போட்டான் நிதானம். கூடவே தன்னுடையதையும் அவளுடையதையும் போட்டான். அவங்களுக்கு ஒரு நியாயம், நமக்கு ஒரு நியாயமா என்று அதுவும் அவள் வைத்த வழக்கம்தான். பையின் வாயைக் கட்டி மேஜை நடுவில் வைத்தார்கள்.

எல்லாரையும் நாற்காலியில் உட்கார வைத்து ஆணையைப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தபோது பைக்குள் ஒரு போன் அடித்தது. அடித்து ஓய்ந்தது. பிறகு இன்னொன்று. அது ஓய்வதற்குள் மூன்றாவது. கொஞ்ச நேரத்தில் பை முழுக்க அடித்தது. பாட்டும் மணியும் உறுமலுமாக ஒன்றின்மேல் ஒன்று கத்தி, பை மேஜை மேல் நெளிந்து நகர ஆரம்பித்தது. வரவேற்புப் பக்கமிருந்த பழைய டெலிபோனும் சேர்ந்துகொண்டது. ஒன்றை வைத்தால் மறுபடி அடித்தது.

"யாரும் எடுக்கக்கூடாது" என்றாள்.

மேனேஜருக்கு நெற்றியிலிருந்து வேர்வை வழிந்து சட்டைக் காலரை நனைத்தது. ஏ.சி. ஓடுகிற அறை. அவர் வக்கீலைப் பார்த்தார், பையைப் பார்த்தார், மறுபடி வக்கீலைப் பார்த்தார். வக்கீல் தன் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மேடம், ஒரே ஒரு போன் மட்டும் எடுத்துக்கிறேன்" என்று மேனேஜர் எழுந்தார்.

"உட்காருங்க."

"மேடம், ப்ளீஸ்..."

"உட்காருன்னு சொல்றேன்ல!"

அவர் உட்கார்ந்தார். உட்கார்ந்து முகத்தைக் கையால் மூடிக்கொண்டார். அப்போதுதான் அவளுக்குள் என்னவோ சுருக்கென்றது. மாட்டிக்கொண்டவன் முகத்தை அவள் நிறையப் பார்த்திருக்கிறாள், அவன் முழிக்கிற முழியே வேறு. இவர் மாட்டிக்கொண்டவர் மாதிரி இல்லை. வீட்டில் யாரோ விழுந்துவிட்டதாகச் சேதி வந்தவர் மாதிரி இருந்தார்.

நிதானம் பைப் பக்கம் குனிந்தான். துணி மெல்லிசு, ஒரு போனின் வெளிச்சம் வெளியே தெரிந்தது. "அக்கா" என்றான். வாழ்க்கையிலேயே முதல் தடவையாக அவசரமாகப் பேசினான். "அக்கா, உங்க போன். மாமான்னு வருது. விடாம வருது."

அவள் தான் போட்ட சட்டத்தைத் தானே உடைத்துப் பைக்கட்டை அவிழ்த்துப் போனை எடுத்தாள்.

"மாமா?"

மூச்சின் இழுப்புதான் கேட்டது. இழுத்து, நின்று, மறுபடி இழுத்து.

"மாமா! என்ன ஆச்சு? பேசுங்க!"

"மிஷின்... நின்னுடுச்சும்மா." ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக வந்தது. "கரண்டு இருக்கு... விளக்கு எரியுது... மிஷின் மட்டும்... ஓடல."

"என்ன காட்டுது அதுல? எழுத்து ஏதாவது இருக்கா?"

"இரு... படிக்கிறேன்." அந்த நிலையிலும் படிக்கிறேன் என்கிறார் பாருங்கள் அந்த மனிதர். "கம்பெனியின்... அனுமதிக்காக... காத்திருக்கிறது... கம்பெனியோடு தொடர்பு இல்லை."

அவள் கையில் இன்னும் அந்த ஒயர் இருந்தது. நுனியைப் பிடித்துக்கொண்டுதான் ஆணையையே படித்திருக்கிறாள். அதைப் பார்த்தாள். மேஜை மேல் துள்ளிக்கொண்டிருந்த பையைப் பார்த்தாள். ஒவ்வொரு போனும் ஒரு வீடு. ஒவ்வொரு வீட்டிலும் ஒருத்தர் இப்படி இழுத்துக்கொண்டிருக்கிறார். அட கடவுளே! பிடுங்கியது யார்? அவள். வணக்கம் சொல்வதற்கு முன்னால், பெருமையாக, கைக்குள் ஒரு சுற்றுச் சுற்றி ஓர் இழு.

"மிஷின் உங்களக் கேட்டுத்தான் ஓடுதா?" என்றாள் மேனேஜரிடம். கத்தவில்லை.

"ஆமாம் மேடம்." வக்கீல் என்னவோ சொன்னார், மேனேஜர் காதில் வாங்கவில்லை. "கொஞ்ச நேரத்துக்கு ஒரு தடவ இங்க கேக்கும். ஃபில்டர் நம்மளோடதா, ஓடலாமான்னு கேக்கும். இங்கிருந்து பதில் போகலேன்னா நின்னுடும். அந்தக் கடைக்காரர நிறுத்துறதுக்காக வெச்சது."

"தெரிஞ்சும் வாய மூடிட்டு இருந்தீங்களா? இவ்வளவு நேரம்?"

அவர் வக்கீலைக் கை காட்டவில்லை. "ஆமாம் மேடம்" என்று மட்டும் சொன்னார்.

அவள் ஆடிப்போய்விட்டாள். விலையை ஏற்றுவார்கள், சரக்கைப் பதுக்குவார்கள், பொய்க் கணக்கு எழுதுவார்கள், எல்லாம் பார்த்திருக்கிறாள். ஆனால் ஒரு வழக்கில் தோற்காமலிருக்க, ஊர் முழுக்க மனிதர்கள் மூச்சுக்குத் தவிப்பதைக் கேட்டுக்கொண்டே நகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க முடியும் என்று அவளுக்குத் தெரியாது. அப்படியும் மனிதர்கள் இருப்பார்களா? இருந்தார்கள், எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"மாமா, ஜன்னலத் திறந்துட்டு குனிஞ்சு உட்காருங்க. இதோ வந்துடும், இதோ வந்துடும்" என்று போனில் சொல்லிக்கொண்டே கம்ப்யூட்டர் அறைக்கு ஓடினாள். மேனேஜரும் நிதானமும் பின்னால் ஓடினார்கள்.

"அக்கா, ஒரு நிமிஷம்" என்றான் நிதானம். "சொருகினா வெளியிலேர்ந்து எல்லாத்தையும் அழிச்சிடுவாங்க. இந்நேரம் அவங்க முதலாளிக்குச் சேதி போயிருக்கும். மிஷினுக்குப் பதில் சொல்றத மட்டும் தனியா இணைக்க முடியாதா?"

"முடியாது சார், எல்லாம் இந்த ஒரே பெட்டிக்குள்ளதான்" என்றார் மேனேஜர். "மத்த கம்பெனிங்கள வாங்கினப்போ அவங்க இடத்தையெல்லாம் மூடிட்டாங்க. இன்னொரு ஊர்ல ஒண்ணு மாத்தா வைக்கணும்னு எழுதிக் கேட்டேன். வேணாம்னுட்டாங்க. ஜனங்க வேற யார்கிட்ட போயிடப் போறாங்கன்னு கேட்டாங்க."

அவள் சொருகினாள். யோசிக்கவில்லை, அதில் யோசிக்க ஒன்றுமில்லை. ஆனால் அவசரத்தில் அலமாரிப் பக்கத்து நுனி துளைக்குள் போகாமல் இரண்டு தடவை வழுக்கியது. பாழாய்ப் போன துளை! மேனேஜர் அவள் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தி வழிகாட்டினார். மஞ்சள் விளக்குகள் பச்சையாயின.

காதில் வைத்திருந்த போனில் இழுப்பு கேட்டது. பிறகு மிஷின் உறும ஆரம்பிக்கிற சத்தம். பிறகு, "வந்துடுச்சும்மா" என்றார் மாமனார்.

அவள் அந்தக் குளிர்ந்த தரையிலேயே சப்பணம் கொட்டி உட்கார்ந்து அழுதாள்.

வெளி அறையில் பைக்குள் போன்கள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. நிதானம் ஒரு கம்ப்யூட்டர் முன்னால் நின்று, "போகுதுக்கா... போகுது..." என்று சொல்லிக்கொண்டே இருந்தான். திரையில் கோப்புகள் வரிசையாகக் காணாமல் போய்க்கொண்டிருந்தன. கடிதங்கள், கூட்டக் குறிப்புகள், கடைக்காரரை ஒழிப்பதற்கென்று பேசியதெல்லாம். அவன் சொன்னபடியேதான் நடந்தது. மறுபடி பெயிண்ட் கம்பெனி.

முதலாளி போனில் வந்தார். முகத்தை யாரும் பார்த்ததில்லை, குரல் மட்டும் அந்த மேஜைக்கு நடுவிலிருந்து கேட்டது. வக்கீல் அவிழ்ந்து கிடந்த பையிலிருந்து தன் போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டிருந்தார்.

"ஊர் பூரா ஆம்புலன்ஸ் ஓடுதாம்யா. டி.வி.க்காரன் வாசலுக்கு வந்துட்டான். யார் காரணம்னு கேக்கறான். அந்தப் பொம்பளதானே ஒயரப் பிடுங்கினா? அவ மேல போடு. இப்பவே எழுத்துல போடு."

"சார்... அப்படி எழுதினோம்னா..." என்று வக்கீல் இழுத்தார். முதல் தடவையாக அவர் முகத்தில் ஒரு கலக்கம்.

"என்னய்யா இழுக்கற? அவ பிடுங்கினா, மிஷின் நின்னுச்சு. அதானே நடந்தது? எழுதுய்யா! உன்ன எதுக்கு வெச்சிருக்கேன்?"

ஒயரக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றிருந்தாள். எல்லாம் காதில் விழுந்தது.

"எழுதுங்க சார்" என்றாள். "நான் பிடுங்கினேன்னு எழுதுங்க. நான் மறுக்கல, சாட்சிக் கையெழுத்தும் போடறேன்."

வக்கீல் அவளைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. அவருக்குப் புரிந்தது அவளுக்கும் தெரிந்தது. ஆனால் மேஜை நடுவில் அந்தக் குரல் "எழுதிட்டியா? எழுதிட்டியா?" என்று கத்திக்கொண்டே இருந்தது. சம்பளம் வாங்குகிற கை, எழுதியது. ஆணைய அதிகாரி அலுவலக இணைப்பைத் துண்டித்ததால் எங்கள் அனுமதி கிடைக்காமல் வாடிக்கையாளர்களின் மிஷின்கள் நின்றன, இதற்கு அவரே பொறுப்பு. கீழே கையெழுத்து, வளைவு நெளிவு கொஞ்சம் குறைவாக.

மிஷின் யாரையும் கேட்காமல் தானாக ஓடுகிறது என்று சத்தியம் செய்த அதே கை. நிதானம் அந்தக் காகிதத்தை வாங்கி, படித்து, இன்னொரு தடவை படித்து, உறைக்குள் போட்டு மார்போடு அணைத்துக்கொண்டான். "கோப்பெல்லாம் போனாப் போகட்டும்க்கா. இது ஒண்ணு போதும்" என்றான் மாடிப்படியில். "மிஷின் இவங்களக் கேட்டுத்தான் ஓடும்னு தெரியாம, ஏமாந்து வாங்கினோம்னு ஜனங்க சொல்லணும். அவ்வளவுதான். மாட்டினாங்க."

அவளுக்கு ஜெயித்த மாதிரியே இல்லை. மத்தியானம் முழுக்க ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகப் போன் போட்டு, யாருக்கு என்ன ஆச்சு, யாருக்கு என்ன ஆச்சு என்று கேட்டுக்கொண்டிருந்தாள். நிறையப் பேரைக் கொண்டுவந்து சேர்த்திருந்தார்கள். இதுவரை உயிருக்கு ஒன்றுமில்லை என்று ஒவ்வோர் இடத்திலும் சொன்னார்கள். அந்த 'இதுவரை' அவளைப் பிடுங்கித் தின்றது. பொழுது சாயத் தொடங்கியபோதுதான் வீட்டுக்குக் கிளம்பினாள்.

வழியெல்லாம் மாமனாரிடம் எப்படிச் சொல்வது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தாள். மாமா, உங்க மூச்ச நிறுத்தினது நான்தான். எப்படிச் சொன்னாலும் அது அப்படியேதான் இருந்தது.

கதவு சும்மாதான் சாத்தியிருந்தது. உள்ளே மிஷின் சத்தம் இல்லை. அதைத்தான் அவள் முதலில் கவனித்தாள். அந்த வீட்டில் இரவும் பகலும் ஓயாத சத்தம் அது.

மாமனார் கட்டில் விளிம்பில் முழங்காலில் கையூன்றிக் குனிந்து உட்கார்ந்திருந்தார். உதடு கறுத்திருந்தது. மூக்கில் குழாய் இருந்தது, குழாயில் ஒன்றும் வரவில்லை.

"மாமா!" ஓடிப்போய்ப் பிடித்தாள். "மறுபடி நின்னுடுச்சா? எப்போ? ஏன் போன் பண்ணல?"

"இப்பத்தாம்மா... நீதான்... வர நேரமாச்சேன்னு..." மிஷினைக் கை காட்டினார். "ஏதோ கேக்குது. சம்மதம்னு... அமுக்கணுமாம். அமுக்கினா ஓடுமாம். எழுத்து பொடிப்பொடியா இருக்கு... கண்ணாடி போட்டும் தெரியல. நீ வந்து படிச்சிட்டு... அமுக்கலாம்னு..."

"படிக்காட்டி என்ன மாமா, அமுக்க வேண்டியதுதானே!"

"நீதானே சொல்லுவே" என்றார் அவர், குழந்தை மாதிரி. சிரிக்கப் பார்த்தார், சிரிப்புக்குக் காற்று போதவில்லை.

அவள் மிஷின் பக்கம் மண்டியிட்டாள். சின்னத் திரை முழுக்க எழுத்து, கீழே ஒரே ஒரு பொத்தான். வேறு பொத்தான் இல்லை. தேடிப் பார்த்தாள், இல்லை. வேலைப் பழக்கத்தில் கண் தானாகவே வரிகளில் ஓடியது. இந்த மிஷின் கம்பெனியின் அனுமதியோடு மட்டுமே ஓடும் என்பதை வாங்கும்போதே எனக்குத் தெளிவாகச் சொன்னார்கள். தெரிந்துதான் வாங்கினேன். கம்பெனி ஃபில்டரை மட்டும் பயன்படுத்த முழுமனதோடு ஒப்புக்கொண்டேன். இது பற்றி எந்த ஆணையத்திலும் எனக்குப் புகார் இல்லை.

வக்கீலின் காகிதம் உறைக்குள் பத்திரமாக இருந்தது. அதற்குப் பதில் சாயந்திரத்துக்குள் வீடு வீடாக வந்துவிட்டது. யாரும் ஏமாறவில்லையாம், எல்லாருக்கும் முதலிலேயே தெரியுமாம், ஒவ்வொருவரும் தங்கள் விரலாலேயே அதை ஒப்புக்கொள்கிறார்கள். காலையில் மூச்சு நின்ற அத்தனை வீட்டிலும் இந்நேரம் யாரோ ஒருத்தர் இதே பொத்தான் முன்னால் குனிந்திருப்பார். தலைவரின் அம்மா வீட்டில். அக்கவுண்ட்ஸ்காரரின் தம்பி வீட்டில். யார் அமுக்க மாட்டார்கள்?

பின்னால் மாமனாரின் இழுப்பு நின்றது. ஒரு கணம்தான். பிறகு பெரிதாக ஒன்று இழுத்தார், தொண்டையில் விசில் மாதிரி கேட்டது.

அவள் அமுக்கினாள்.

திரையில் 'நன்றி' என்று வந்தது. மிஷின் உறுமியது, குழாயில் காற்று வந்தது. மாமனார் கட்டிலில் சாய்ந்தார். அவர் உதட்டுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக நிறம் திரும்புவதைப் பார்த்துக்கொண்டு, அவர் பாதத்தைத் தேய்த்துவிட்டபடி அவள் தரையிலேயே உட்கார்ந்திருந்தாள். காலையில் நடந்ததைச் சொல்ல வாயெடுத்தாள். அவர்தான் முந்திக்கொண்டார்.

"எல்லாம் ஒழுங்கா படிச்சிட்டுத்தானேம்மா அமுக்கினே?"

"படிச்சேன் மாமா."

"நம்மளுக்கு ஒண்ணும் பாதகம் இல்லியே?"

மிஷின் ஓடிக்கொண்டிருந்தது.

"இல்ல மாமா" என்றாள். "கண்ண மூடித் தூங்குங்க."